வேண்டுமானால் விதிகள்

பிடோக் வடக்கு,
சிங்கப்பூர், 10 மார்ச் 1985

அன்புத் தம்பி சூசைநாதனுக்கு அண்ணன் சவரிராஜ் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அண்ணி பெட்டியும் சுகமாக இருக்கிறோம். லிவர்பூலில் உனக்குப் பிடித்த சளி இறங்கிவிட்டதா? கப்பலின் தந்தியறையில் ஈரத்தலையோடு போய் உட்காராதே.

நீ அங்கிருந்து அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. "பெட்டி வந்துருச்சு!" என்று நான் கத்த, "நான் எங்க போனேன், இங்கதானே இருக்கேன்" என்று உன் அண்ணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகியும் இந்தக் குழப்பம் எங்கள் வீட்டில் தீரவில்லை.

உள்ளே இருந்த ஆட்டம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பலகை இல்லை, காய் இல்லை. ஒருவர் கதை சொல்லிக்கொண்டு போகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்று, "நான் இப்போது இதைச் செய்கிறேன்" என்கிறார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுகிறார்கள். இப்படி ஒன்றை யார் யோசித்தார்களோ! ஆனால் கூட வந்த புத்தகம்தான் கொடுமை. பொடி எழுத்தில் அறுபத்து நாலு பக்கம் ஆங்கிலம்.

சனிக்கிழமை மதியம் சிராங்கூன் சாலைச் சந்தில், ஹனீபாவின் அச்சகத்துப் பின்னறையில் நாலு பேர் உட்கார்ந்தோம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஹனீபாவை உனக்குத் தெரியும். தேக்கா மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கும் ரத்தினம்மா ஒருவர். கப்பல் பட்டறை டிராயிங் ஆபீசில் எனக்குப் பக்கத்து மேசைக்காரரான தனசேகரன் இன்னொருவர். முதல் ஒன்றரை மணி நேரம் நான் புத்தகத்தை விளக்கினேன். அதன் பிறகு நெருப்புக் கக்கும் ஒரு பெரிய பல்லி வந்தது.

"இதக் கொன்னா என்ன கெடைக்கும்?" என்று ரத்தினம்மா கேட்டார்.

"தங்கம்."

"எத்தன காரட்?"

புத்தகத்தைப் புரட்டினேன். போடவில்லை.

"அறுவத்து நாலு பக்கம் எழுதுனவனுக்கு அது தோணல பாரு" என்றார். அன்றைய ஆட்டம் அதோடு சரி.

ஆகவே நானே தமிழில் ஒன்று எழுதிவிட்டேன். பெயர் 'மரக்கலம்'. எல்லாரும் ஒரு பாய்மரக் கப்பலின் ஆட்கள். யார் என்று மூன்று வரியில் சொல்ல வேண்டும். செய்வதைச் சொல்ல வேண்டும். சாதாரணக் காரியம் என்றால் அது நடந்துவிட்டது. சந்தேகம் என்றால் மட்டும் இரண்டு பகடை. ஏழுக்கு மேல் விழுந்தால் நடந்தது, இல்லாவிட்டால் வேறு ஏதோ நடக்கிறது, அது என்ன என்று கதைசொல்லி சொல்வார். முழுதும் ஒரே பக்கம். சனி மதியம் ஆட்டத்துக்குப் போனால் எனக்கு ஓய்வு ஞாயிறு மதியம் மட்டும்தானே, அதற்கு மேல் எழுத நேரம் ஏது? உன் கப்பலில் ஆடிப் பார்த்து எழுது. பதிலைப் பட்டறை முகவரிக்கே போடு. இங்கே கீழ்த்தளத் தபால்பெட்டியின் பூட்டு இன்னும் சரியாகவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணியும் விசாரிக்கச் சொன்னாள்.

சவரி


டர்பன் துறைமுகம்,
22 ஏப்ரல் 1985

அண்ணனுக்கு,

சளி போயிற்று. அண்ணி சுகமா?

பக்கம் கிடைத்தது. சாப்பாட்டு அறையில் ஆடினோம். மேல்தள ஆட்களுக்குத் தலைவரான பர்மாக்காரர், பிலிப்பினோ சமையல்காரர், எஞ்சினுக்கு எண்ணெய் போடும் தூத்துக்குடிக்காரர், நான்.

"நீங்கள் எல்லாரும் ஒரு கப்பலில் இருக்கிறீர்கள்" என்று ஆரம்பித்தேன். மூன்று பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பர்மாக்காரர் கேட்டார்: "வேலை முடிஞ்சு வந்து உட்கார்றதே அதை மறக்கத்தானே?"

எனவே கரையில் ஒரு தேநீர்க் கடை. பர்மாக்காரர்தான் கடைக்கார அம்மாள். மீசையோடு அந்த வேடத்தை அவர் ஏற்றதிலிருந்து கடையில் யாரும் வாலாட்டுவதில்லை. மூன்று வாரமாக ஆடுகிறோம். எங்களுக்குள் மூன்று தாய்மொழி, ஆனாலும் விதி எல்லாருக்கும் புரிகிறது.

ஒரு பக்கம் நன்றாக இருக்கிறது. தொடாதே.

சூசை


பிடோக் வடக்கு,
2 ஜூன் 1985

அன்புத் தம்பி சூசைக்கு,

இங்கே வெயில் கொளுத்துவதைத் தவிர வேறு குறையில்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? சமையல்காரரே உன்னோடு ஆடுவதால் கேட்க வேண்டியதில்லை என்கிறாள் உன் அண்ணி.

தேநீர்க் கடையா? நான் கடலையே தந்தேன், நீ அதில் பாத்திரம் கழுவுகிறாய். போகட்டும்.

ஒரு சின்ன விஷயம். தனசேகரன் போன சனிக்கிழமை, "சவரி, காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி இல்லையா? காற்றே இல்லாமல் பாய்மரக் கப்பல் எப்படிப் போகும்? அதற்கு இரண்டு பக்கம் எழுதினேன். தனசேகரன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. ஸ்கேலும் பென்சிலும் வெளியே வந்துவிட்டன. ரத்தினம்மாதான் கொட்டாவி விட்டார். மார்க்கெட்டுக்கு விடியுமுன் எழுகிறவர், அசதியாக இருக்கும்.

பட்டறையில் வேலை மந்தம். பழுது பார்க்க வந்த கடைசிக் கப்பலும் போய்விட்டது. ஆபீசில் எல்லாரும் மெதுவாகப் பேசுகிறார்கள். அதை விடு. பாய்மரக் கயிறு எத்தனை வகை என்று உன் கேப்டனிடம் கேட்டு எழுது.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
சவரி


9 ஜூலை 1985

அன்புத் தம்பிக்கு,

சுகம். பெட்டியும் சுகம். உன் பதில் வருமுன்பே இதை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. ஜன்னலோரம் நல்ல வெளிச்சம். இப்போது கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. எனவே மரக்கலத்தை முறைப்படி எழுத ஆரம்பித்துவிட்டேன். இதோடு முப்பத்தெட்டுப் பக்கம் வைத்திருக்கிறேன். காற்று எட்டுத் திசைக்கும் தனித்தனி. நனைந்த கயிற்றின் எடை, காய்ந்த கயிற்றின் எடை. கப்பலின் குறுக்குவெட்டுப் படம் மூன்று. அடித்தளத்தில் சேரும் தண்ணீரை இறைக்கும் வழி மட்டும் தனிப் படம். யாரும் கதையில் பொய் சொல்ல முடியாதபடி செய்துவிட்டேன்.

இனிப் பட்டறை முகவரிக்கு எழுதாதே. அங்கே கடிதங்கள் தவறிப்போகின்றன. ஹனீபாவின் அச்சகத்துக்கே போடு.

சவரி


கப்பலிலிருந்து வந்த தந்தி,
5 ஆகஸ்ட் 1985

முப்பத்தெட்டுப் பக்கம் கிடைத்தது. ஒரு பக்கம் போதும். காற்றை நிறுத்து.
சூசை


யோகோஹாமா,
24 ஆகஸ்ட் 1985

அண்ணனுக்கு,

தந்தியில் நலம் விசாரிக்க மறந்தேன். நலமா? அண்ணிக்கு முதுகுவலி குறைந்ததா?

நீ எழுதியதைக் குறை சொல்லவில்லை. படங்கள் மிக அழகு. பர்மாக்காரர் தண்ணீர் இறைக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, நம் கப்பலிலும் இப்படி இருந்தால் தேவலை என்றார். ஆனால் அதை வைத்து ஆட முடியவில்லை. நின்றுபோன ஆட்டத்தைத் தள்ளிவிடத்தான் விதி. ஓடுகிற ஆட்டத்தை ஏன் நிறுத்துகிறது?

கடையில் இந்த வாரம் கல்யாணப் பேச்சு. சமையல்காரர்தான் மாப்பிள்ளை. பெண் யார் என்று இன்னும் முடிவாகவில்லை.

ஒன்று கேட்கிறேன். என் பிறந்தநாள் அட்டையில் நாலு வரி எழுதவே நீ இரண்டு வாரம் எடுத்துக்கொள்வாய். ஐந்தே வாரத்தில் முப்பத்தெட்டுப் பக்கமா? அதுவும் செவ்வாய்க்கிழமை காலையில்? பட்டறையில் எப்படி?

சூசை


15 செப்டம்பர் 1985

அன்புத் தம்பி சூசைக்கு,

நானும் பெட்டியும் நலம். முதுகுவலிக்கு உன் தைலம் நன்றாகக் கேட்கிறது.

உன் தந்தி ஹனீபா கடைக்கு வந்தது. 'காற்றை நிறுத்து' என்றதைப் படித்தவர் புயல் எச்சரிக்கை என்று நினைத்து வாசலில் காயவைத்திருந்த காகிதத்தையெல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

மரக்கலம் இப்போது நூற்றுப் பத்துப் பக்கம், நகல் இதோடு வருகிறது. நேற்று ஒரு சம்பவம் நடந்தது. நீ யார் பக்கம் என்று சொல்ல வேண்டும்.

ரத்தினம்மாவின் கப்பல் ஒரு தீவிலிருந்து எதிர்க்கரைக்குப் போக வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். முதலில் நீரோட்டம் பார்த்தோம். பிறகு சரக்கின் எடை. தனசேகரன் கணக்குப் போட்டுவிட்டு இரண்டாம் முறை சரிபார்த்தார். ஒரு மணி பத்து நிமிடம் கழித்து ரத்தினம்மாவின் முறை வந்தது. பகடையை உருட்டினார். மூன்று.

"பாய் கிழிஞ்சுருச்சு" என்றேன்.

"சரி, தைக்கிறேன்."

"எந்தப் பாய்? மொத்தம் பதினொன்னு இருக்கு. எட்டாம் அட்டவணையப் பாத்து..."

"ஏன் சவரி, இந்நேரத்துக்கு நான் பஸ் புடிச்சு உங்க பிடோக்குக்கே போய்த் திரும்பி வந்திருப்பேன் லா."

"நிஜக் கப்பல் அப்படித்தான்மா போகும்."

அவர் எழுந்து குடையை எடுத்தார். "நான் கடல்ல குதிச்சுட்டேன். வரட்டா?" போய்விட்டார்.

ஹனீபா சிரிக்கிறார். தனசேகரனோ, குதித்தால் எவ்வளவு ஆழம் போவார் என்று கேட்கிறார். இதில் என் தவறு என்ன? தனசேகரனுக்கு அட்டவணை என்றால் உயிர். கணக்குப் போடும்போதுதான் அந்த மனிதர் வாய் திறந்து பேசுகிறார். அவரிடமிருந்து அதைப் பிடுங்கவா? ரத்தினம்மாவுக்கு அதுவே தண்டனை. ஒரே மேசையில் இருவரையும் எப்படி உட்கார வைப்பது? கிறிஸ்துமஸுக்குக் கோயில் விற்பனைச் சந்தையில் வைக்க ஹனீபா அச்சடித்துத் தருகிறேன் என்கிறார், ஆனால் எட்டுப் பக்கத்துக்கு மேல் முடியாதாம். எட்டுப் பக்கத்தில் நங்கூரச் சங்கிலியே அடங்காது.

வேறு விசேஷம் இல்லை.

சவரி


பிடோக் வடக்கு,
29 செப்டம்பர் 1985

அன்புள்ள சூசைத் தம்பிக்கு அண்ணி பெட்டி எழுதுவது. உங்கள் சுகத்துக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். என்னிடமிருந்து கடிதம் என்றதும் பயந்துவிடாதீர்கள், யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. பழைய உறையில் கப்பல் ஏஜென்ட் முகவரி இருந்தது.

உங்கள் அண்ணனுக்கு வேலை போய்விட்டது. ஜூன் பதினெட்டாம் தேதி பட்டறையில் பாதிப் பேரை நிறுத்தியபோது இவரையும் நிறுத்திவிட்டார்கள். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போல வரைபடம் சுருட்டி வைக்கும் படக்குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறார், ஆறு மணிக்குத் திரும்பி வந்து, "இன்னிக்கு ரொம்ப வேல" என்கிறார்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஜூலை பன்னிரண்டாம் தேதி எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாற்பது பேரை வரிசையாக ஸ்டாம்ஃபர்டு சாலை நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். உள்ளே நுழைகிறேன், ஜன்னலோர மேசையில் இவர். சுற்றிலும் காகிதம். நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு ஒரு கயிறு வரைந்துகொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "எல்லாரும் அபவுட் டர்ன், சத்தம் போடாம" என்று நாற்பது பேரையும் திருப்பி, அகராதிகள் இருக்கும் அலமாரிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். முக்கால் மணி நேரம் அகராதியின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள் என் மாணவர்கள். ஹெட்மாஸ்டரிடம் என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

தனசேகரனுக்கும் ஹனீபாவுக்கும் தெரியுமாம். ரத்தினம்மாகூட மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் வெங்காயத்தை அள்ளிப் போட்டுவிட்டுப் பேச்சை மாற்றுகிறார். ஊரே சேர்ந்து அவரிடமிருந்து ரகசியத்தைக் காப்பாற்றுகிறோம்.

நானே கேட்டுவிடலாம். ஆனால் கேட்டால் அவர் ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும், சொன்னதாக ஆகாது. அவராகச் சொல்ல வேண்டும் தம்பி. எனக்குக் கோபம் வேலை போனதில் இல்லை. நூற்றுப் பத்துப் பக்கம் எழுதியவருக்கு என்னிடம் ஒரு வரி வரவில்லையே என்றுதான்.

நீங்கள் நேராகக் கேட்க வேண்டாம். ஆனால் ஏதாவது செய்யுங்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடவும்.

அண்ணி


கராச்சி,
21 அக்டோபர் 1985

அண்ணனுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமென்று நினைக்கிறேன்.

கடையில் ஒரு சிக்கல். புதிதாக ஒரு வாடிக்கையாளர் வருகிறார், தூத்துக்குடிக்காரர் போடும் வேடம். ஒரு கம்பெனியில் குமாஸ்தா. வேலை போய்விட்டது. மனைவியிடம் சொல்லவில்லை. தினமும் காலையில் கடைக்கு வந்து ஒரு தேநீரோடு சாயங்காலம் வரை உட்காருகிறார். கடைக்கார அம்மாளுக்கு அது தெரியும், ஆனால் வாய் திறக்க மாட்டேன் என்கிறாள்.

அவர் மனைவியிடம் சொல்ல வேண்டும். பகடையில் எத்தனை விழ வேண்டும் என்று சாப்பாட்டு அறையில் ஒரு வாரமாகத் தகராறு. உன் நூற்றுப் பத்துப் பக்கத்திலும் தேடினேன். நனைந்த கயிறு இருக்கிறது. இது இல்லை.

விதி அனுப்பு. அதுவரை கடை மூடியிருக்கும்.

சூசை


பிடோக் வடக்கு,
24 நவம்பர் 1985

அன்புத் தம்பி சூசைக்கு,

நலம். நிஜமாகவே நலம். பதில் போடத் தாமதமானது.

உன் கடிதத்தை ஹனீபா கடை வாசலில் நின்று படித்தேன். உன் தூத்துக்குடிக்காரருக்கு அந்த வேடத்தைக் கொடுத்தது யார் என்று புரியாத அளவுக்கு மடையன் இல்லை நான். முதல் இரண்டு நாள் கோபம். மூன்றாம் நாள், சரி, கேட்டதற்குப் பதில் எழுதுவோம் என்று நூலகத்தில் உட்கார்ந்தேன். மனைவியின் சுபாவத்துக்கு ஒன்றிலிருந்து ஆறு வரை, மறைத்த மாதத்துக்கு ஒன்று கழிக்க வேண்டும், மழை பெய்தால் ஒன்று கூட்டலாம் என்று அட்டவணை போட்டேன். நாலு பக்கம் வந்தது. யார் உருட்டினாலும் தோற்கிற மாதிரி வந்தது. கிழித்தேன், மறுபடி எழுதினேன். இரண்டு வாரம் இதே வேலை.

பிறகுதான் மார்ச் மாதம் எழுதிய அந்த ஒரு பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் இருந்தால் மட்டுமே பகடை. வாயைத் திறந்து சொல்வதில் என்ன சந்தேகம்? சொன்னால் சொன்னதுதான். கஷ்டமான காரியம் வேறு, சந்தேகமான காரியம் வேறு, தம்பி. இதை நூற்றுப் பத்துப் பக்கத்தில் ஓரிடத்திலும் நான் எழுதவில்லை. உன் குமாஸ்தாவுக்குப் பகடை கிடையாது. அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விதி.

அன்று நாலு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். உன் அண்ணி கட்டுரை நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"பெட்டி, எனக்கு வேல போயிருச்சு."

"ம்."

"ஜூன் மாசமே போயிருச்சு."

"தெரியும்."

"தெரியுமா? எப்பலேருந்து?"

"ஜூலைலேருந்து. சாப்பாட்டுல திடீர்னு ரெண்டு முட்ட வச்சேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

"முட்ட வெல கொறஞ்சுருச்சோன்னு நெனச்சேன்."

அவள் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அதோடு சிரிக்கவும் செய்தாள். நான் என்ன செய்தேன் என்பதை எழுதப்போவதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "எங்க அந்த நூத்திப் பத்து? எடுங்க" என்றாள். உன் அண்ணி கையில் சிவப்புப் பேனா இருக்கும்போது நீ பார்த்ததில்லை. ஒரு வாரமாக எனக்கு மூன்றாம் வகுப்பு. மேலே அந்த ஒரு பக்கம், அதில் ஓர் எழுத்தையும் தொடக் கூடாது. மற்றதெல்லாம் தனித்தனித் தாள். ஒவ்வொரு தாளின் தலையிலும் 'வேண்டுமானால்' என்று பெரிய எழுத்தில் போட வைத்தாள். ஒரு தாளை உருவினால் இன்னொன்று விழக் கூடாதாம். காற்றுத் தாளை உருவிப் பார்த்தாள், நீரோட்டம் பொத்தென்று விழுந்தது. "இது தனியா நிக்கல, திருப்பி எழுதுங்க" என்றாள். திருப்பி எழுதினேன். கடைசியில் இருபத்திரண்டு தாள் தேறியது.

ஆட்டம் தொடங்குமுன் மேசையில் இருக்கும் எல்லாரும் சரியென்றால்தான் ஒரு தாள் உள்ளே வரும். ஒருவர் வேண்டாமென்றால் அன்றைக்கு அது கிடையாது. இதுவும் அவள் போட்டதுதான். நங்கூரச் சங்கிலிக்காக நான் எவ்வளவோ கெஞ்சினேன். அரைப் பக்கம் கொடுத்தாள்.

மடை திறந்ததுபோல எழுதிவிட்டேன். வேலைக்கு மூன்று இடத்தில் மனுப் போட்டிருக்கிறேன். ஜெபத்தில் நினைத்துக்கொள்.

சவரி


கொழும்பு,
4 ஜனவரி 1986

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

புத்தாண்டு உங்கள் இருவருக்கும் நல்லதாக அமையட்டும். இங்கே எல்லாரும் சுகம். கிறிஸ்துமஸ் அன்று கடல் கொந்தளிப்பு, கேக்கைக் கையில் பிடித்துக்கொண்டே சாப்பிட்டோம்.

உன் பதிலைச் சாப்பாட்டு அறையில் உரக்கப் படித்தேன். வரிக்கு வரி ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னேன். கடைக்கார அம்மாள், அதாவது பர்மாக்காரர், மீசையைத் துடைத்துக்கொண்டார். தூத்துக்குடிக்காரர் எழுந்து நின்று, அங்கே இல்லாத மனைவியிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார். முடிந்ததும் சமையல்காரர் தன் அறைக்குப் போய் ஊருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். எதைப் பற்றி என்று நாங்கள் கேட்கவில்லை.

அண்ணா, இப்போது ஒரு வெட்கக்கேடு. கடை நன்றாக நடக்கிறது. நன்றாக நடப்பதால் ஆட்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. காய்ச்சிய பால் எத்தனை மணி நேரத்தில் திரியும் என்று விதி வேண்டுமாம். மழை நாளில் வாடிக்கையாளர் குறைவார்களா என்று பர்மாக்காரர் கேட்கிறார். அடுப்புக்கு விறகா கரியா என்று தூத்துக்குடிக்காரர் அட்டவணை கேட்கிறார். கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தால் எவ்வளவு அரிசி என்பதில் சமையல்காரர் யார் சொன்னாலும் நம்புவதில்லை, எழுத்தில் வேண்டும் என்கிறார். ஒரு பக்கம் போதும் என்று தந்தி அடித்தவன் நான்தான். அது பொய்யில்லை. முதல் ஒன்பது மாதத்துக்கு அது போதும். ஆடி ஆடி அந்தப் பக்கம் மனத்துக்குள் போன பிறகு, கைகள் வேறு ஏதாவது தேடுகின்றன. முதல் நாளே இதையெல்லாம் கொடுத்திருந்தால் ஒருவர்கூட உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

எனவே பாலுக்கு ஒரு தாள், மழைக்கு ஒரு தாள், அடுப்புக்கு ஒன்று, அரிசிக்கு ஒன்று. தனித்தனியாக நிற்கும்படி. அண்ணி பார்த்துத் திருத்தியதாக இருந்தால் நல்லது.

அண்ணி, நீங்கள் சொன்னபடி கிழித்துவிட்டேன்.

அன்புடன்,
சூசை


பிடோக் வடக்கு,
23 பிப்ரவரி 1986

அன்புத் தம்பி சூசைக்கு,

நலம். வேலை கிடைத்துவிட்டது. எம்.ஆர்.டி. ரயிலுக்குச் சுரங்கம் வெட்டும் ஒரு ஜப்பான் கம்பெனி. நேர்காணலுக்குப் போன அன்று அவசரத்தில் படக்குழாயை மாற்றி எடுத்துப் போய்விட்டேன். திறந்தால் மரக்கலம். எதிரே இருந்த எஞ்சினியர் தண்ணீர் இறைக்கும் படத்தை விரித்து வெகுநேரம் பார்த்தார். "இந்தக் கப்பல் எங்கே கட்டியது?" என்று கேட்டார். "என் தலைக்குள்ளே" என்றேன். தண்ணீர் நிரம்பி அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்றார். அதற்கும் ஒரு பக்கம் இருந்தது. அடுத்த வாரமே வரச் சொல்லிவிட்டார்கள். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை வெளியேற்றும் படங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வருகின்றன. எனவே பாலுக்கும் அரிசிக்கும் விதி எழுத எனக்கு நேரமில்லை. நீயே எழுது, உன் அண்ணி திருத்துவாள்.

கோயில் சந்தையில் ஒற்றைப் பக்கம் முழுவதும் தீர்ந்தது. 'வேண்டுமானால்' தாள்கள் இருபத்திரண்டையும் தனசேகரன் இரண்டிரண்டாக நகலெடுத்துக்கொண்டார், ஒன்று நனைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று.

ரத்தினம்மா திரும்பி வந்துவிட்டார். நிபந்தனை, இனி அவர்தான் கதைசொல்லி. பெட்டியும் சனிக்கிழமைகளில் வருகிறாள். கொள்ளைக்காரி வேடம் அவளுக்கு மிகவும் பொருந்துகிறது. நான் வெறும் ஆட்டக்காரன். நேற்றுப் பாய்மரத்து உச்சியில் ஏறினேன். பகடையில் இரண்டு விழுந்தது.

"விழுந்து செத்துட்டீங்க" என்றார் ரத்தினம்மா.

"எப்படிச் சாவேன்? கயிறு கட்டியிருந்தா அதுக்குப் பதினாலாந்தாள்..."

"அந்தத் தாள் இன்னிக்கு உண்டா? வேணாம்னு அப்பவே சொன்னேன்ல."

தனசேகரனைப் பார்த்தேன். அவர் பென்சிலைப் பார்த்துக்கொண்டார். பெட்டி என் பையிலிருந்த சாமான்களை எடுக்கலாமா என்று கேட்டாள். எடுக்கலாம் என்றார்கள்.

ஆட்டம் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. எனக்கு வேலை இல்லாததால் எல்லாருக்கும் தேநீர் போட்டேன். நன்றாக இருந்தது என்றார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். விடுமுறைக்கு எப்போது வருகிறாய் என்று எழுது.

சவரி